டாக்டர் எழுதித் தந்த க்ரீமைப் போட்டால் அரிப்பு கூடுகிறதே, மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

மருந்தே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். ஆனால் க்ரீம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளையும் சந்தேகப்படுங்கள். என் அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது.

அவருக்குக் கணுக்காலில் கரப்பான். ஸ்டீராய்டு க்ரீம் போட்டால் கொஞ்சம் அடங்கும். பிறகு க்ரீம் பட்ட இடமெல்லாம் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பி நீர் வடியும். பார்ப்பவர்களுக்கு நோய் முற்றுவதாகத்தான் தெரியும். தோல் டாக்டர் ட்யூபை வாங்கிப் பார்த்து, மருந்தின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த 'குளோரோகிரெசால்' என்ற வரியைக் காட்டினார். சந்தேகப்படும் பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டில், குளோரோகிரெசால் வைத்த இடம்தான் தடித்தது.

க்ரீமில் தண்ணீர் உண்டு, தண்ணீர் இருந்தால் கிருமி வளரும். அதனால் குளோரோகிரெசால், பாராபென், பென்சைல் ஆல்கஹால் என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். ஆயின்மென்ட் பெரும்பாலும் தண்ணீர் இல்லாத பெட்ரோலியம் ஜெல்லியில் செய்வது, பிசுபிசுவென்று ஒட்டும். ஆனால் இந்தத் தொல்லை அதில் குறைவு. அம்மாவுக்கு அதே மருந்தை ஆயின்மென்ட்டாக மாற்றித் தந்தார்கள், புண் ஆறியது.

இந்த ஒவ்வாமை பூசிய உடனே வராது, ஓரிரு நாள் கழித்துத்தான் தலைகாட்டும். போதாததற்கு ஸ்டீராய்டே அதை அமுக்கி வைக்கும். அதனால்தான் இது எளிதில் பிடிபடுவதில்லை.

பாராபென் மேல் வீண்பழி அதிகம் என்பது என் கருத்து. ஆண்டுதோறும் ஓர் ஒவ்வாமைப் பொருளைத் தேர்ந்தெடுத்து எச்சரிக்கும் தோல் ஒவ்வாமை மருத்துவர் அமைப்பான அமெரிக்கன் கான்டாக்ட் டெர்மடைட்டிஸ் சொசைட்டி, 2019-இல் பாராபெனை 'ஒவ்வாமை தராத பொருள்' என்றே அறிவித்தது. வெடித்த, புண்ணான தோலில்தான் அது சிலருக்குச் சேராமல் போகிறது. கூட்டு மருந்து க்ரீம் என்றால் நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் இருக்கிறதா என்றும் பாருங்கள், அது ஒவ்வாமைக்குப் பேர்போனது.

ஊகித்துக்கொண்டிராமல் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். முதுகில் சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டி 48 மணி நேரம் விடுவார்கள், அதுவரை முதுகு நனையக் கூடாது. எடுத்த பிறகும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள், அந்த இரண்டாவது முறையைத் தவறவிடாதீர்கள். சித்திரை வெயிலில் வியர்த்து ஒட்டு பெயர்ந்துவிடும், முடிந்தால் மார்கழி, தை பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போகும்போது வீட்டில் பூசுகிற க்ரீம், தைலம், சோப்பு எல்லாவற்றையும் அட்டைப் பெட்டியோடு எடுத்துப் போங்கள்.