ஆயுள் முழுக்கப் பதவியில் இருக்கும் நீதிபதிகள் ஜனநாயகத்துக்கு உதவுகிறார்களா?

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்கு ஓய்வு வயதே இல்லையே, இது ஜனநாயகத்துக்கு நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீதிபதியின் சுதந்திரம் நல்லது, ஆயுள் பதவி நல்லதில்லை என்பது என் கருத்து.

'நன்னடத்தை உள்ளவரை' பதவி என்கிறது அவர்களுடைய அரசியல் சட்டம். அடுத்த தேர்தலுக்குப் பயப்படாமல் தீர்ப்பு எழுத வேண்டும் என்பதே நோக்கம். அது வீண்போகவும் இல்லை. பள்ளிகளில் இனவாரியாகப் பிள்ளைகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954-இல் 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அன்றைய தென் மாநிலங்களில் ஓட்டுக் கேட்டு நிற்பவரால் அதைச் சொல்லியிருக்க முடியுமா?

சரி, சிக்கல் எங்கே? காலியிடம் எப்போது வரும் என்பதை மரணமும் ராஜினாமாவும்தான் தீர்மானிக்கின்றன. ஜிம்மி கார்ட்டர் 4 ஆண்டுகள் அதிபராக இருந்தும் ஒருவரைக்கூட நியமிக்க வாய்ப்பு வரவில்லை. டிரம்ப்புக்கோ முதல் 4 ஆண்டுகளிலேயே 3 இடங்கள் கிடைத்தன. ஒரே மாதிரி வாக்களித்த மக்களின் குரலுக்கு ஏன் இவ்வளவு வேறுபட்ட எடை? இது என்னை உண்மையிலேயே உறுத்துகிறது. நீண்ட காலம் இருக்கட்டும் என்று வயது குறைந்தவரைத் தேடும் ஆசையும் இதனால்தான் வருகிறது.

பதவி நீக்கம் பெயரளவுக்குத்தான். அங்கே குற்றச்சாட்டு விசாரணைக்கு ஆளான ஒரே உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் சேஸ். அவரும் 1805-இல் தப்பினார்.

ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றத்தில் 12 ஆண்டுகள், ஒரே முறைதான். மறுநியமனம் கிடையாது என்பதால் யாரையும் திருப்திப்படுத்தத் தேவையில்லை. அமெரிக்காவிலும் 18 ஆண்டு வரம்பு என்ற யோசனை பேசப்படுகிறது. ஆனால், அதற்கு அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். திருத்தத்துக்கு நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் சம்மதிக்க வேண்டும்.