சூம் வகுப்பில் மிஸ்ஸுக்கு உங்களைத் தெரிய வேண்டுமானால்

மஸ்கெலியாப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: கொழும்பு நிறுவனமொன்றில் முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமாவை சூமில் படிக்கிறேன், நூறு பேருக்கு மேல் இருக்கிறோம், மிஸ்ஸுக்கு என் பெயர்கூடத் தெரியாது, சந்தேகம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, எதுவானாலும் தன் மூலமாகத்தான் போக வேண்டும் என்று டவுன் ஒருங்கிணைப்பாளர் சொல்கிறார், என்ன செய்வது?

கூச்சத்தை விடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னவுடன் போகிற சாமானா அது? மிஸ்ஸையும் திட்ட முடியாது. ஒரு ஆளின் தலையில் நூறு பிள்ளைகளைக் கட்டிவிட்டு 'மாணவர் மையக் கல்வி' என்று பதாகை அடிக்கிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் சூமில் உங்கள் பெயர் எப்படி விழுகிறது என்று பாருங்கள். தம்பியின் போனில் சேர்ந்தால் தம்பி பெயரோ போன் மாடலோதான் தெரியும், அதை மாற்றிவிடுங்கள். அப்புறம் வாரத்துக்கு ஒரே ஒரு கேள்வி, வாயால் முடியாவிட்டால் சாட்டில். 'மிஸ், விளங்கவில்லை' என்று போட்டால் யாருக்கும் நினைவிருக்காது. 'மொண்டிசோரி முறையில் பிள்ளை தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் என்றீர்கள், உருளைகளைக் குழிகளில் பொருத்தும் பலகையில் அது எப்படி நடக்கும்?' என்று கேட்டுப் பாருங்கள், அடுத்த வாரம் உங்கள் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும். தொலைக்கல்வியில் தூரம் என்பது கிலோமீட்டரில் மட்டும் இல்லை, ஆசிரியரும் மாணவரும் எவ்வளவு பேசிக்கொள்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது என்று தொலைக்கல்வி ஆய்வாளர் மைக்கேல் மூர் எழுதினார். விளக்கப்போனால் நீளும், விடுங்கள்.

கேமராவை முதல் ஐந்து நிமிடமாவது போடுங்கள். ஆனால் தோட்டத்து லயன் காம்பராவில் ஒரே அறை, பின்னால் அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்து படுத்திருக்கிறார், அல்லது மழைக்குச் சிக்னல் ஒரு கோட்டுக்கு வந்துவிட்டது, அல்லது ரீலோட் முடியப்போகிறது என்றால் போடவே வேண்டாம். வீடியோ டேட்டாவைத் தின்னும். நிலைமையை மிஸ்ஸுக்கு ஒரு தடவை வொய்ஸ் மெசேஜில் சொல்லிவிட்டால் போதும், ஒவ்வொரு வகுப்பிலும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கேமரா இல்லாவிட்டால் புள்ளி குறைப்போம் என்றால் அந்த விதியை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

சரி, அந்த ஒருங்கிணைப்பாளர். இப்படி நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். நீங்கள் ஆசிரியரோடு நேரே பேசிவிட்டால் இவருக்கு வேலையில்லை, அதனால்தான் நடுவில் நிற்கிறார். இன்றைக்குச் செய்தி கொண்டுபோகிறேன் என்பார், நாளைக்கு ஒப்படை எழுதித் தருகிறேன் என்பார், அதற்கடுத்து 'மிஸ்ஸுக்கும் ஏதாவது கொடுக்க வேண்டும்' என்று காசு கேட்பார். அந்தக் காசு மிஸ் கைக்குப் போகும் என்று நம்பாதீர்கள். பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் மட்டும் போட்டு பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் இப்படியான பயிற்சி நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரச அமைப்பான மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பாடநெறிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் விற்கிறார்கள், கேட்பாரில்லை.

விரிவுரையாளரின் அலுவலக மின்னஞ்சலை நிறுவனத்திடமே நேரே கேட்டு வாங்குங்கள். பெயர், பதிவிலக்கம், எந்தப் பாடம், ஒரு கேள்வி, அவ்வளவுதான் எழுத வேண்டும். பதில் வர இரண்டு மூன்று நாளாகலாம், அதற்குள் திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள்.