ஷார்ட் ஷாஃப்ட் மோட்டார் மலிவாக வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: பாக் விரிகுடாவில் நண்டு வலைக்குப் போகும் 22 அடி ஃபைபர் படகு என்னுடையது. படகின் பின்னால் மாட்டும் பழைய 15 ஹெச்பி அவுட்போர்டு மோட்டார் ஒன்று விலை குறைவாக வருகிறது. ஷார்ட் ஷாஃப்ட்தான், அதாவது நீருக்குள் இறங்கும் கால் குட்டை, ஆனால் ஓடும் என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: மோட்டார் மாட்டும் பின்பலகையை அளக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மோட்டார் உட்காரும் நடு இடத்தில், பலகையின் தலையிலிருந்து படகின் அடிவரை டேப் பிடியுங்கள். ஓரத்தில் அளந்தால் கணக்கு தப்பும். அங்கே பலகை உயரமாக இருக்கும். அடியில் நீளவாக்கில் ஓடும் ஏரா (கீல்) துருத்திக்கொண்டு பின்பலகைவரை வந்தால், அதன் அடிவரை அளக்க வேண்டும். ஏரா கலக்கிவிடும் நீர் நேராகப் புரொப்பல்லரில்தான் போய் விழும்.

அடுத்து மோட்டார். கிளாம்ப் பலகையின் தலையில் உட்காரும் இடத்திலிருந்து, புரொப்பல்லருக்குச் சற்று மேலே இருக்கும் அகலமான கேவிடேஷன் தகடுவரை அளவு. அதற்கும் மேலே நீர் தெறிப்பதைத் தடுக்கச் சின்னத் தகடு ஒன்று சில மாடல்களில் இருக்கும். அதைப் பிடித்து ஏமாறுபவர்கள் உண்டு. ஷார்ட் 15, லாங் 20, எக்ஸ்ட்ரா லாங் 25 அங்குலம் என்பது பெயரளவுக்குத்தான். ஓரிரு அங்குலம் கூடுதலாக வரும் மாடல்கள் இருப்பதால், எஸ், எல் என்ற எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

மாட்டியபின் தகடு படகின் அடியோடு சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ நிற்க வேண்டும். உங்கள் பலகை 20 அங்குலம் என்றால், இந்த மோட்டாரின் தகடு 5 அங்குலம் மேலே போய்விடும். ஒன்பது அங்குலச் சொச்சம் விட்டமுள்ள புரொப்பல்லரில் பாதி, பலகையின் மறைவில் நிற்கும். அலையில் பின்புறம் தூக்கும்போதெல்லாம் அது காற்றை இழுக்கும். எஞ்சின் கத்தும், படகு நகராது. அதைவிடக் கெட்டது, குளிர்விக்கும் நீரை உறிஞ்சும் துளைகளும் காற்றை இழுப்பது. அந்த நீரை மேலேற்றும் ரப்பர் இம்பெல்லர் தேயும், எஞ்சின் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். மிச்சம் பிடித்த காசு அங்கேயே போய்விடும்.

பலகையை வெட்டித் தாழ்த்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் வரும் அலை நேரே உள்ளே ஏறும். ஷாஃப்ட்டை நீட்ட வேண்டுமானால் டிரைவ் ஷாஃப்ட், தண்ணீர்க் குழாய், கியர் கம்பி, நடு உறை நான்கும் மாற வேண்டும். எல்லா மாடலுக்கும் கிட் கிடைக்காது. கிடைத்தாலும் பழைய மோட்டாருக்கு அந்தச் செலவு கட்டாது. பலகை மோட்டாரின் அளவுக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் குறைவாகவோ இருந்தால் மட்டும் தாராளமாக வாங்குங்கள்.

கேள்வி: லாங் ஷாஃப்ட்டை 15 அங்குலப் பலகையில் மாட்டினால்?

பதில்: எஞ்சினுக்கு ஆபத்தில்லை. வேகம் குறையும், எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும், நீர் தெறிக்கும், ஆழமில்லாத இடத்தில் அடி தட்டும். ஒன்றிரண்டு அங்குல வித்தியாசத்துக்குப் பலகையின் தலையில் மரக்கட்டை வைத்து போல்ட் போட்டு உயர்த்தலாம். 5 அங்குலத்துக்குக் கட்டை போதாது. பலகையையே ஃபைபர் போட்டு உயர்த்திக் கட்ட வேண்டும்.