பெயிண்ட் அடிக்கும் செலவு யாருடையது? அட்வான்ஸைத் திரும்ப வாங்க வழி

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தோம். மாத வாடகை 14,000 ரூபாய், அட்வான்ஸ் 1,00,000. காலி செய்து இரண்டு மாதம் ஆகிறது. பெயிண்டுக்கு 38,000, ஒயரிங், சமையலறைக் குழாய், இரண்டு சுவிட்ச் என்று 17,000 கழித்துக்கொண்டு 45,000 மட்டும் அனுப்பியிருக்கிறார் வீட்டு உரிமையாளர். பில் கேட்டால் தருவதில்லை. ஆரம்பத்தில் 11 மாத ஒப்பந்தம் ஒன்று எழுதினோம், அதைப் பதிவு செய்யவில்லை. போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: போலீஸ் வேண்டாம். இது பணக் கணக்குத் தகராறு. ஸ்டேஷனில் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி அனுப்புவார்கள். உங்கள் கணக்கு சரியா தவறா என்று முடிவு செய்யும் இடம் அது இல்லை. மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தினார், பொருளை உள்ளே வைத்துப் பூட்டினார் என்றால் கதை வேறு.

முதலில் அந்த 55,000 ரூபாயைப் பிரித்துப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 22.2.2019 முதல் நடைமுறையில் இருப்பது 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம். 1960-இல் வந்த பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், அதன் இடத்தில் வந்தது இது. எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. கட்டடத்தின் அடிப்படைப் பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், குழாய் லைன் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய், வாஷர், சுவிட்ச், சாக்கெட், கழிவறைச் சாதனங்கள், கதவுப் பூட்டு, அடைத்துக்கொண்ட சாக்கடை ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு.

ஆக, குழாயும் சுவிட்சும் உங்களுடையவை. அதற்கு நியாயமான தொகையைக் கொடுத்துவிடுங்கள், அதில் வாதாட வேண்டாம். ஒயரிங் அவருடையது.

பெயிண்டுக்கு உங்கள் பழைய ஒப்பந்தத்தை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். "காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை பெயிண்ட் செலவுக்குப் பிடித்தம் செய்துகொள்ளலாம்" என்று சென்னையில் பலரும் எழுதுவது வழக்கம். அப்படி ஒரு வரியில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் அதை அவர் உங்களுக்கு எதிராகக் காட்டலாம். ஆனால் அப்போதும் கணக்கு 14,000 தான், 38,000 இல்லை. அப்படி எதுவுமே எழுதவில்லை என்றால், மூன்று வருடம் வாழ்ந்த வீட்டின் சுவர் மங்கியதற்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. குழந்தை கிரேயானில் வரைந்தது, சுவரைப் பெயர்த்து ஆணி அடித்தது போன்றவை வேறு. அந்தச் சேதத்தை நீங்கள்தான் ஏற்க வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் வருகிறார்கள்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கி ஏதும் இருந்தால் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். அவர் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டார்.

அடுத்து, வாட்ஸ்அப்பில் சண்டை போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஒரு பக்கத்துக்குக் கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியில் சாவி கொடுத்தீர்கள், எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தீர்கள், எவ்வளவு வந்தது, எந்தப் பிடித்தத்தை ஒப்புக்கொள்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, மீதித் தொகையை 15 நாளில் இந்த வங்கிக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் இருக்கட்டும். திட்டு, புலம்பல், மிரட்டல் ஒரு சொல்கூட வேண்டாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத் தவறை முதலிலேயே ஒப்புக்கொள்ளும் கடிதத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். "குழாய்க்கு உரியதைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்று நீங்களே எழுதிய பிறகு, எதிராளிக்கு எகிற இடமே இருக்காது.

பதில் வரவில்லை என்றால் உடனே வழக்குக்குப் போகாதீர்கள். உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். வழக்குத் தொடுக்கும் முன்பே சமரசம் செய்துவைக்கக் கேட்டு அங்கே ஒரு மனு கொடுங்கள். கட்டணம் கிடையாது. அவருக்கு அழைப்பு அனுப்பி, இருவரையும் வைத்துப் பேசுவார்கள். உடன்பாடு ஏற்பட்டு, அந்த ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் (லோக் அதாலத்) பதிவானால், அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. இந்தத் தொகைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் வர மறுத்தால் யாரும் இழுத்து வர முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது வழக்கறிஞர் நோட்டீஸ், அதன் பிறகு வழக்கு. பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வழக்கறிஞர் உண்டு. இலவச சட்ட உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 15100.

ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாதது பலவீனம்தான், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் அட்வான்ஸை வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் அந்த ஸ்டேட்மென்ட், மாதாமாதம் ஜிபே செய்த வாடகை, பிடித்தத்தைப் பட்டியல் போட்டு அவரே அனுப்பிய மெசேஜ் எல்லாம் சான்றுதான். எதையும் டெலீட் செய்துவிடாதீர்கள்.

இப்போது குடியேறியிருக்கும் வீட்டுக்கு ஒப்பந்தம் எழுதிவிட்டீர்களா? எழுதியிருந்தால் 90 நாளுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் (இந்தச் சட்டப்படி வாடகை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பு) பதிவு செய்யுங்கள், தமிழக அரசின் இணையதளத்திலேயே செய்யலாம். பெயிண்ட் செலவு யாருடையது, எவ்வளவு என்று அதில் ஒரு வரி இருக்கட்டும். சாமான் இறக்கும் முன்பு வீடு முழுவதையும் வீடியோ எடுத்து, ஈபி மீட்டர் ரீடிங்கோடு உரிமையாளருக்கே அனுப்பி வையுங்கள்.