பறவை பார்க்கத் தொடங்கியாச்சு, முதலில் எந்தப் புத்தகம்?

கேள்வி: வீடு சிவகங்கைப் பக்கம், கண்மாய்க் கரையை ஒட்டி. ஐப்பசி மழைக்குக் கண்மாய் நிறைந்ததிலிருந்து நானும் ஒன்பதாவது படிக்கிற மகளும் தினமும் காலையில் மாடியில் நின்று பறவை பார்க்கிறோம். போனில் பறவையை அடையாளம் சொல்கிற மெர்லின் ஆப் இருக்கிறது, ஆனாலும் கையில் வைத்துப் புரட்ட ஒரு புத்தகம் வேண்டும் என்கிறாள். 3,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். புதிது புதிதாக வருகிறதே, எதை வாங்குவது? பழைய புத்தகக் கடையில் சாலிம் அலியின் புத்தகம் ஒன்று பார்த்தேன், அது இன்னும் உதவுமா? மார்கழியில் எங்கள் வேப்பமரத்தில் எடுத்த படத்தையும் அனுப்பியிருக்கிறேன். வல்லூறுதானே?

பதில்: படத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எந்தப் புத்தகம் என்ற கேள்விக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது. அது வல்லூறு இல்லை, அக்காக்குயில். இதில் வருத்தப்பட ஒன்றுமே இல்லை, பல வருடம் பார்த்தவர்களையே ஏமாற்றுகிற பறவை அது. சாம்பல் முதுகு, மார்பில் செம்பழுப்பு, பட்டை பட்டையாகக் கோடு போட்ட வால், நாலு தடவை சிறகடித்து அப்புறம் அப்படியே மிதந்து போகிற பறப்பு, கிளையில் உட்கார்ந்ததும் வாலை ஆட்டுவது வரை எல்லாமே வல்லூறு மாதிரிதான். ஆனால் படத்தைப் பெரிதாக்கி அலகை மட்டும் பாருங்கள். வல்லூறுக்கு அலகு குட்டையாக, அடியிலிருந்தே வளைந்து கொக்கியாக இறங்கும். உங்கள் படத்தில் இருக்கிற அலகு மெலிசாக, கிட்டத்தட்ட நேராகப் போய், நுனியில் மட்டும் கொஞ்சம் வளைகிறது. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறது. வல்லூறின் கால் மஞ்சளாக, நீளமாக, இரையைப் பிடிப்பதற்கென்றே இருக்கும்; இதற்குக் குட்டைக்கால், வயிற்று இறகுக்குள் பாதி மறைந்து கிடக்கிறது. கோடையாக இருந்திருந்தால் விடாமல் கத்தி அதுவே தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். மார்கழியில் பெரும்பாலும் வாய் திறக்காது, அதனால்தான் இத்தனை குழப்பம்.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். பறவைக் கையேடுகள் பெரும்பாலும் குடும்ப வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். கழுகு, பருந்து, வல்லூறு எல்லாம் ஓரிடத்தில், குயில்கள் அங்கிருந்து பல பக்கம் தள்ளி வேறோர் இடத்தில். வேப்பமரத்தில் இருப்பது வேட்டைப்பறவை என்று முடிவு கட்டிவிட்டு ஒருவர் புத்தகத்தைத் திறந்தால் குயில் பக்கத்துக்குப் போகவே மாட்டார். வல்லூறு படம் ஏறத்தாழப் பொருந்தும், பெயரை எழுதிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார். புத்தகம் எவ்வளவு குண்டாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த ஆபத்து கூடும். இந்தியத் துணைக்கண்டம் முழுவதற்குமான கையேட்டில் 1,300 இனங்களுக்கு மேல் இருக்கின்றன, உங்கள் கண்மாயில் ஒரு வருடம் முழுக்க நின்றாலும் அதில் பத்தில் ஒரு பங்கு வந்தால் பெரிது. மீதி எல்லாம் இமயமலையிலும் அருணாசலத்திலும் இருக்கிற பறவைகள், தொடங்குகிற நேரத்தில் அவை கண்ணைக் குழப்ப மட்டுமே செய்யும்.

அதனால் முதல் புத்தகம் சின்னதாக இருக்கட்டும், தமிழில் இருக்கட்டும். என் தேர்வு, ப. ஜெகநாதனும் ஆசையும் சேர்ந்து எழுதி க்ரியா வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு'. நம் ஊரில் சாதாரணமாகக் கண்ணில் படுகிற பறவைகளை எடுத்துக்கொண்டு, புகைப்படத்தோடு, தமிழ்ப் பெயரோடு அறிமுகப்படுத்துகிற புத்தகம். பறவை எதிரே வந்த பிறகு எடுத்துப் புரட்டாமல், இதை முன்கூட்டியே படித்துவிடச் சொல்லுங்கள். ராத்திரி பத்துப் பக்கம் புரட்டிவிட்டுப் படுத்தால் காலையில் மாடியில் நிற்கும்போது பாதிப் பறவை ஏற்கெனவே தெரிந்த முகமாக இருக்கும். பெண்குயில் உடம்பெல்லாம் வெள்ளைப்புள்ளியோடு பழுப்பாக இருக்கும் என்பதும், சேற்று நிறத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிற மடையானுக்கு இனப்பெருக்கக் காலத்தில் முதுகு அரக்குச் சிவப்பாக மாறும் என்பதும் முன்பே தெரிந்திருந்தால், ஒரே பறவையை இரண்டு பறவையாக எண்ணுகிற வேலை மிச்சம்.

தமிழ்ப் பெயர் விஷயத்தில் ஒன்று. ஒரே பறவைக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். கரிச்சான், கரிக்குருவி, இரட்டைவால் குருவி, வலியன் எல்லாம் ஒன்றேதான். செம்போத்தைச் செண்பகம் என்றும் சொல்வார்கள். இந்தப் பெயர்களை எல்லாம் தேடிச் சேர்த்தவர் முனைவர் க. ரத்னம். அவருடைய 'தமிழ்நாட்டுப் பறவைகள்', 'தமிழில் பறவைப் பெயர்கள்' இரண்டில் எது எங்கே கிடைத்தாலும் விடாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒரு பறவையை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதையும் மகள் எழுதி வைக்கட்டும், அது எந்தக் கையேட்டிலும் இல்லாத பெயராக இருக்கலாம்.

ஆறு மாதம் போன பிறகு, சின்னப் புத்தகத்தில் இல்லாத பறவை வாரத்துக்கு ஒன்றாவது வரத் தொடங்கும். அப்போதுதான் பெரிய கையேடு. ரிச்சர்ட் கிரிம்மெட், கரோல் இன்ஸ்கிப், டிம் இன்ஸ்கிப் மூவரும் எழுதிய 'பேர்ட்ஸ் ஆஃப் தி இந்தியன் சப்கான்டினன்ட்' பலரும் வைத்திருப்பது, அதன் இரண்டாம் பதிப்பு 2011-இல் வந்தது. ஆனால் உங்களுக்கு நான் சொல்வது அதை அல்ல, கிரிம்மெட்டும் டிம் இன்ஸ்கிப்பும் தென்னிந்தியாவுக்கு மட்டுமாகச் செய்த 'பேர்ட்ஸ் ஆஃப் சதர்ன் இந்தியா'வை. அதே தரம், வட இந்தியப் பறவைகளின் தொந்தரவு இல்லை.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது அட்டையையும் வழவழத் தாளையும் விட்டுவிட்டு உள்ளே படம் வரைந்ததா, புகைப்படமா என்று பாருங்கள். அடையாளம் காண வரைந்த படம்தான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. புகைப்படம் என்பது ஒரு குறிப்பிட்ட பறவை, ஒரு குறிப்பிட்ட நாள் வெயிலில் நின்ற கோலம். ஓவியர், ஒன்றுபோல் இருக்கிற ஐந்தாறு பறவைகளை ஒரே பக்கத்தில் ஒரே வாக்கில் நிறுத்தி, ஆண், பெண், குஞ்சு, பறக்கும்போது கீழிருந்து தெரிகிற சிறகு எல்லாவற்றையும் காட்டிவிடுவார். குறிப்பு படத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே இருக்க வேண்டும், எங்கேயோ நூறு பக்கம் தள்ளித் தேட வைக்கிற புத்தகம் களத்துக்கு ஆகாது. பறவை எந்தெந்தப் பகுதியில் இருக்கிறது என்று நிறத்தால் காட்டுகிற பரவல் வரைபடம் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு படம் பொருந்துகிறது என்று தோன்றினால் அடுத்த நொடி வரைபடத்துக்குப் போங்கள், உங்கள் மாவட்டத்தில் நிறமே இல்லையென்றால் தொண்ணூறு சதவீதம் வேறு பறவைதான். நிறம் இருந்தாலும் அது வருடம் முழுக்க இருக்கிற பறவைக்கான நிறமா, குளிர்காலத்தில் மட்டும் வந்து போகிற வலசைப் பறவைக்கானதா என்று பாருங்கள். பறவை நிற்கிற இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டியில் இரண்டு உண்டு. கண்மாய்த் தண்ணீர் ஓரத்தில் கத்துவது பெரும்பாலும் சிவப்புமூக்கு ஆள்காட்டி, தண்ணீரை விட்டு விலகிக் காய்ந்த பொட்டலில் நிற்பது மஞ்சள்மூக்கு.

சரி, பழைய புத்தகக் கடை சாலிம் அலி. போய் வாங்கிவிடுங்கள், இன்னும் இருந்தால். 'தி புக் ஆஃப் இந்தியன் பேர்ட்ஸ்' முதலில் 1941-இல் வந்தது, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தொடர்ந்து பதிப்பித்து, 2002-இல் திருத்திய 13-ஆம் பதிப்பு வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது அளவு சொல்கிற முறை. இத்தனை சென்டிமீட்டர் என்று சொன்னால் நாற்பது அடி தூரத்தில் இருக்கிற பறவையை யார் அளந்து பார்ப்பது? அவர் சிட்டுக்குருவி அளவு, புல்புல் அளவு, மைனாவைவிடச் சற்றுப் பெரிது, புறா அளவு, காக்கா அளவு என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்த பறவைகளையே அளவுகோலாக்கினார். மகளுக்கு இதை முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

பழைய புத்தகத்தில் மாறிப்போனது பெயர்களும் வகைப்பாடும். அதில் 'க்ரோ ஃபெசன்ட்' என்று இருப்பது இன்றைய 'கிரேட்டர் கூகல்', நம் செம்போத்து. நம் ஊர்த் தவிட்டுக்குருவியை 'ஒயிட் ஹெடட் பாப்லர்' என்றார்கள், இப்போது அது 'எல்லோ பில்ட் பாப்லர்'. இதெல்லாம் வெறும் பெயர் மாற்றம். சில இடத்தில் விஷயமே மாறியிருக்கிறது. ஊட்டிச் சோலைக்காட்டில் தரையோடு தரையாகத் தத்தித் திரிகிற நீலப்பறவையும் கொடைக்கானலில் இருக்கிற அதன் உறவும் பழைய புத்தகங்களில் 'ஷார்ட்விங்' என்ற ஒரே பறவையின் இரண்டு வடிவங்கள். அப்புறம் வந்த சில புத்தகங்களில் 'ப்ளூ ராபின்' ஆயின. 2017-இல் மரபணு ஆய்வை வைத்து இவற்றுக்கென்று 'ஷோலிகோலா' என்ற புதுப் பேரினத்தையே உருவாக்கினார்கள், நம் 'சோலை' என்ற சொல் அறிவியல் பெயரிலேயே ஏறிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓர் இனம், தெற்கே வேறு இனம். இதனால்தான் கையேடு வாங்கும்போது பதிப்பு வருடத்தைப் பார்க்கச் சொல்கிறோம். கண்மாய்ப் பறவைகளுக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை, மலைக்குப் போகும்போது மட்டும் நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

மெர்லின் நல்ல ஆப், இலவசம், வீட்டிலேயே இந்தியத் தொகுப்பை இறக்கி வைத்துவிட்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது பெயர் சொன்ன உடனே தேடல் முடிந்துவிடுகிறது, அதுதான் எனக்குக் குறையாகத் தெரிகிறது. சத்தத்தை வைத்து அது சொல்வதைப் பறவையைக் கண்ணால் பார்க்காமல் பட்டியலில் சேர்க்காதீர்கள். கரிச்சான் வல்லூறின் குரலில் கத்தும். மைனாக்கள் வல்லூறு வந்துவிட்டது என்று பயந்து பறந்ததும் அவை பிடித்து வைத்த பூச்சியைக் கரிச்சான் எடுத்துக்கொள்ளும். இந்த மாதிரி விஷயம் அடையாளக் கையேட்டில் ஒரு வரிகூட வராது, இடம் இருக்காது. அக்காக்குயில் ஏன் வல்லூறு வேஷத்தில் திரிகிறது என்பதும் வராது. அது தவிட்டுக்குருவி இனங்களின் கூட்டில் முட்டையிட்டு வளர்க்கவிடுகிற பறவை, வேட்டைப்பறவை போலத் தெரிவது அதற்கு உதவுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அதனால் உங்கள் பணத்தில் ஒரு பகுதியையாவது, பறவையின் பெயரோடு நிற்காமல் அதன் வாழ்க்கையைச் சொல்கிற புத்தகத்துக்கு ஒதுக்கச் சொல்வேன். தமிழில் மா. கிருஷ்ணனை மிஞ்ச ஆள் இல்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், ஆங்கிலத்தில் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-இலிருந்து 1996-இல் மறையும் வரை இயற்கை பற்றிய பத்தி எழுதியவர், தமிழிலும் அதே கூர்மையோடு எழுதினார். 'மழைக்காலமும் குயிலோசையும்', 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்ற இரண்டு தொகுப்புகளும் காலச்சுவடு வெளியீடு. சின்னச் சின்னக் கட்டுரைகள், ஒன்பதாவது படிக்கிற பெண் தாராளமாகப் படிக்கலாம். சு. தியடோர் பாஸ்கரனின் 'வானில் பறக்கும் புள்ளெலாம்' அடுத்து. ஜமால் ஆரா சிறுவர்களுக்காக எழுதி நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட 'பறவைகளைப் பார்' மெல்லிய புத்தகம், பார்த்தால் வாங்கிவிடுங்கள்.

புதிதாக வந்ததில் என்ன என்று கேட்டீர்கள். ஆங்கிலம் வாசிக்க வருமென்றால் இரண்டு. யுவன் ஏவ்ஸின் 'இன்டர்டைடல்' 2023-இல் வந்தது, சென்னைக் கடற்கரையையும் சதுப்பு நிலத்தையும் நாள் நாளாகப் பார்த்து எழுதிய குறிப்பேடு, ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் என்னவெல்லாம் தெரியும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அனிதா மணி தொகுத்த 'விமன் இன் தி வைல்ட்' அதே வருடம் வந்தது. இந்தியாவின் பெண் காட்டுயிர் ஆய்வாளர்களைப் பற்றியது, மேலே சொன்ன ஜமால் ஆராவின் கதையும் அதில் இருக்கிறது. உங்கள் மகளுக்கு இதை அவசியம் கொடுப்பேன். 'ஸ்டேட் ஆஃப் இந்தியாஸ் பேர்ட்ஸ்' 2023 அறிக்கை காசே இல்லாமல் இணையத்தில் கிடைக்கிறது. 942 இனங்களை ஆராய்ந்து 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்று சொன்ன அறிக்கை அது, அதற்கான மூன்று கோடிப் பதிவுகள் உங்களைப் போல மாடியிலும் கண்மாயிலும் நின்று பார்த்த சுமார் 30,000 பேர், பறவைப் பதிவுகளைச் சேர்க்கிற இ-பேர்ட் இணையதளத்தில் போட்டவை.

ஆக, இப்போது வாங்க வேண்டியது க்ரியா கையேடு, கிருஷ்ணன் தொகுப்பில் ஒன்று, பழைய சாலிம் அலி. மீதிப் பணத்தை அப்படியே வையுங்கள், ஆறு மாதம் கழித்துத் தென்னிந்தியக் கையேட்டுக்கு ஆகும். அதற்கு முன் ஒரு நாள் மதுரைக்குப் போய்க் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பறவைப் புத்தகங்கள் இருக்கிற அலமாரியைக் கேட்டு, இருக்கிற கையேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பறவையைத் தேடிப் பாருங்கள், எது உங்கள் கண்ணுக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்துவிடும். பைனாகுலருக்கு இந்தப் பணத்தில் கை வைக்க வேண்டாம், அது தனிச் செலவு, வாங்கும்போது 8x42 கேளுங்கள், அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுகிற, முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் அகலமுள்ளது.

ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கிக் கொடுங்கள். பறவையைப் பார்த்ததும் புத்தகத்தைத் திறக்காமல், முதலில் நோட்டில் அளவு, அலகு, கால், வால், என்ன செய்துகொண்டிருந்தது என்று ஐந்து வரி எழுதட்டும், கோணல்மாணலாக இருந்தாலும் ஒரு படம் வரையட்டும், அப்புறம் புத்தகம், கடைசியில் ஆப். அப்புறம் இன்னொன்று, மாடியில் நிற்கும்போது வல்லூறு சத்தம் கேட்டு மைனாக் கூட்டம் சிதறினால் வானத்தைப் பார்க்க வேண்டாம், முதலில் கரண்டுக் கம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்.