அச்சு வரிசையில் தேங்கிய பணிகள்

கேள்வி: எங்கள் யுனிக்ஸ் சர்வரில் அச்சுக்கு அனுப்பிய கோப்புகள் வரிசையிலேயே தேங்கி நிற்கின்றன. பிரிண்டரை அணைத்துப் போட்டும் பயனில்லை. எப்படி நீக்குவது?

பதில்: அச்சுப் பணிகள் பிரிண்டரில் அல்ல, சர்வரின் வட்டில் காத்திருப்பதால், பிரிண்டரை அணைப்பதால் வரிசை கலைவதில்லை. இன்று பெரும்பாலான யுனிக்ஸ் வகைக் கணினிகளில் இந்த வரிசையைக் கவனிப்பது கப்ஸ் (CUPS) என்னும் மென்பொருளே. 'எல்பிஸ்டாட் -ஓ' (lpstat -o) என்று கட்டளையிட்டால், பிரிண்டரின் பெயரும் ஓர் எண்ணும் சேர்ந்த அடையாளத்தோடு ஒவ்வொரு பணியும், அதை அனுப்பியவர் பெயரும் திரையில் வரும். அந்த அடையாளத்தை 'கேன்சல்' (cancel) கட்டளைக்குக் கொடுத்தால் அந்தப் பணி மட்டும் நீங்கும். 'கேன்சல் -ஏ' (cancel -a) என்பதோடு பிரிண்டரின் பெயரைச் சேர்த்தால் அதன் வரிசை முழுவதும் காலியாகும். மற்றவர்களின் பணிகளும் அதில் போய்விடும் என்பதால், முதலில் வரிசையின் முன்னால் நிற்கும் பணியை மட்டும் நீக்கிப் பார்ப்பதே முறை. பிறர் அனுப்பியதை நீக்க, பொதுவாக நிர்வாகி உரிமை தேவைப்படும்.

பலர் கவனிக்கத் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தைத்தான். ஒரு பணி தோல்வியுற்றதும் கப்ஸ் அந்த வரிசையையே நிறுத்தி வைத்திருக்கக்கூடும். அப்போது எத்தனை பணிகளை நீக்கினாலும் புதியவையும் அச்சாகாமல் தேங்கும். 'எல்பிஸ்டாட் -பி' (lpstat -p) கட்டளை நிறுத்தப்பட்டதாகக் காட்டினால், காரணத்தைச் சரிசெய்தபின் 'கப்ஸ்எனேபிள்' (cupsenable) கட்டளையைப் பிரிண்டரின் பெயரோடு கொடுங்கள். அச்சுப் பணிகள் காத்திருக்கும் 'ஸ்பூல்' கோப்பகத்தில் உள்ள கோப்புகளைக் கையால் அழிப்பது கடைசி வழி. அதையும் கப்ஸ் சேவையை நிறுத்திய பிறகே செய்ய வேண்டும்.