வெள்ளாட்டுக்குப் பலித்த ஊசி செம்மறிக்கு ஏன் பலிக்கவில்லை?

கேள்வி: ஈனும் நாள் தள்ளிப்போன சினை வெள்ளாட்டுக்கு ஈற்றைத் தூண்டும் குளோப்ரோஸ்டினால் ஊசி போட்டோம், இரண்டு நாளில் ஈன்றுவிட்டது. அதே ஊசி செம்மறியை அசைக்கவே இல்லை. மருந்தில் கோளாறா?

மருந்து சரிதான். சினையைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் வெள்ளாட்டில் கடைசிவரை சூலகத்திலுள்ள கார்பஸ் லூட்டியம் என்ற தற்காலிகச் சுரப்பியிலிருந்து வருகிறது. குளோப்ரோஸ்டினால் அதைக் கரைத்ததும் ஈற்று தொடங்கிவிடும். செம்மறியிலோ சுமார் 60-ஆம் நாளுக்குள் அந்தப் பொறுப்பு நஞ்சுக்கொடிக்குப் போய்விடுகிறது. அங்கே இந்த ஊசியின் ஜம்பம் பலிக்காது.

செம்மறியில் ஈற்றுக்கு நாள் குறிப்பது வயிற்றிலுள்ள குட்டியின் அட்ரீனல் சுரப்பி. சினையின் நடுக்காலத்தில் அதில் ஏசிடிஎச் (அட்ரீனலைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) வந்து பற்றும் ஏற்பிகளும் குறைவு, கார்ட்டிசோல் ஹார்மோனைத் தயாரிக்கும் 17-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் நொதியும் குறைவு. கடைசி வாரங்களில் இரண்டும் கூடி, கார்ட்டிசோல் பெருகும். அது நஞ்சுக்கொடியிலும் இதே நொதியைக் கிளப்பிவிடும். புரோஜெஸ்டிரோன் சரிந்து ஈஸ்ட்ரோஜன் ஏற, கருப்பை, தன்னைச் சுருக்கும் புரோஸ்டாகிளான்டினைத் தானே சுரந்து சுருங்கும். நியூசிலாந்து மருத்துவ ஆய்வாளர் கிரஹாம் லிக்கின்ஸ் 1960-களில் கருக்குட்டியின் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை அழித்தபோது நாள் கடந்தும் ஈற்று வரவில்லை. ஏசிடிஎச் செலுத்தியபோது குறைமாதத்திலேயே குட்டி விழுந்தது.

அந்தக் கார்ட்டிசோலின் வேலையைச் செய்யக்கூடியது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. அளவு 15–20 மி.கி., தசையில் ஒரே முறை. மி.லி.க்கு 4 மி.கி. உள்ள குப்பியென்றால் சுமார் 4–5 மி.லி. பெரும்பாலும் 36–72 மணி நேரத்தில் ஈனும். கால்நடை மருத்துவர் ஸ்கேனில் குட்டி உயிரோடிருப்பதைப் பார்த்துப் போடுவதே முறை. காய்ச்சலோ தொற்றோ இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். இந்த மருந்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும்.

சினைக்காலம் ஏறத்தாழ 147–150 நாள். 140 நாள் ஆகாமல் போட்டால் நுரையீரல் முதிராத குட்டி வரும், அல்லது ஊசியே பிடிக்காது. பலர் சறுக்குவது இங்கேதான். முதல் இணைசேர்க்கையைக் குறித்து வைத்திருப்பார்கள். அது தங்காமல் 17 நாள் கழித்துக் கிடா மறுபடி சேர்ந்தது கண்ணில் பட்டிருக்காது. உங்கள் ஆடும் நாள் தள்ளிய ஆடுதானா என்று ஒருமுறை கணக்குப் பாருங்கள். கிடாவின் மார்பில் காவியை எண்ணெயில் குழைத்துப் பூசி, 16 நாளுக்கொருமுறை நிறம் மாற்றினால், பெட்டையின் பின்புறத்தில் எந்த நிறம் கடைசியாக ஏறியதோ அதுதான் கணக்கு.

கால் வீக்கம், ஒவ்வாமை என்று வேறு காரணத்துக்குப் போட்டாலும் நிறைசினைச் செம்மறிக்கு டெக்சாமெத்தசோன் ஈற்று ஊசிதான். ஊசி போடவரும் எவரிடமும் சினை மாதத்தை முதலில் சொல்லிவிடுங்கள்.